மான் வேட்டைக்கும் ரேஞ்சுக்கும் ஒரே .308: பேரல் 20 இஞ்சா, 24 இஞ்சா?

கேட்டவர், அக்டோபர் 8, இரவு 9.40

ஒன்ராறியோவில் இருக்கிறேன். பி.ஏ.எல். (துப்பாக்கி வாங்கி வைத்திருக்கும் உரிமம்) கைக்கு வந்துவிட்டது, வேட்டை உரிமமும் எடுத்தாயிற்று. .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு ஒரு ரைஃபிள், ஒவ்வொரு தோட்டாவையும் கையால் தாழை இழுத்து ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் வாங்க எண்ணம். நவம்பரில் புதர்க்காட்டில் வெள்ளைவால் மான், மற்ற மாதங்களில் ரேஞ்சில் 100 முதல் 300 கஜம் வரை காகித இலக்கு. கடையில் 20 இஞ்ச் பேரலும் (குழலும்) இருக்கிறது, 24 இஞ்சும் இருக்கிறது. நீளமான பேரல்தான் துல்லியமாகச் சுடும் என்று கடைக்காரர் அடித்துச் சொல்கிறார். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எதை எடுப்பது?

ரீலோடர், அக்டோபர் 8, இரவு 10.15

கடைக்காரர் சொல்வது தவறு தம்பி. பேரலின் நீளம் தருவது வேகம். துல்லியம் வேறு இடங்களிலிருந்து வருகிறது: சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) நேராக வெட்டப்பட்டிருக்கிறதா, புரி (குண்டைச் சுழற்றும் உட்பள்ளங்கள்) சீராக இருக்கிறதா, குண்டு வெளியேறும் வாயில் கிரவுன் (வாயின் விளிம்பு) சேதமில்லாமல் இருக்கிறதா, கட்டையில் ஆக்‌ஷன் (தோட்டாவை ஏற்றி மூடும் பொறி) ஆடாமல் உட்கார்ந்திருக்கிறதா, எந்தத் தோட்டா போடுகிறீர்கள் என்பவை. கண் வைத்துச் சுடும் இரும்பு சைட் என்றால் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையிலான தூரம் கூடும்போது குறிவைப்பது எளிதாகும். அந்தக் காலத்தில் நீளத்துக்குத் துல்லியப் பேர் வந்ததே அதனால்தான். ஸ்கோப் (தொலைநோக்கிக் குறி) மாட்டிய பிறகு அந்தக் கணக்கு செல்லாது.

.308இல் ஒரு இஞ்சுக்குச் சராசரியாக 20 முதல் 25 அடி/நொடி வேகம் போகும். 24இலிருந்து 20க்கு வந்தால் 80 முதல் 100. அவ்வளவுதான்.

வேறொருவர், அக்டோபர் 8, இரவு 11.02

குட்டை பேரலில் வெடிமருந்து எரிந்து முடியாமல் வெளியே போய்விடும், இஞ்சுக்கு 50 அடி போகும் என்றல்லவா சொல்கிறார்கள்? வேகமாக எரியும் மருந்து போட வேண்டி வரும்.

ரீலோடர், அக்டோபர் 9, காலை 6.30

இரண்டும் பரவலாகச் சொல்லப்படுவது, .308க்கு இரண்டுமே பொருந்தாது. அழுத்தம் உச்சத்துக்குப் போவது குண்டு புரிக்குள் நுழைந்து சில இஞ்ச் நகர்வதற்குள். மருந்தின் பெரும்பகுதி அங்கேயே எரிந்துவிடும். அதற்குப் பிறகு சூடான வாயு விரிந்து குண்டைத் தள்ளிக்கொண்டு போகிறது, அழுத்தம் இறங்கிக்கொண்டே வருகிறது. கடைசி நான்கு இஞ்ச் கூடுதலாகத் தருவது அந்த இறங்குமுகத்தின் வால் பகுதியைத்தான். குட்டை பேரலின் வாயில் தெரியும் தீப்பிழம்பு பெரும்பாலும் சூடான வாயு வெளிக்காற்றோடு சேர்ந்து பற்றிக்கொள்வது. அதைப் பார்த்துத்தான் 'மருந்து வீணாகிறது' என்கிறார்கள்.

மருந்து மாற்றவும் தேவையில்லை. 24 இஞ்சில் அதிக வேகம் தரும் மருந்துதான் அநேகமாக 20 இஞ்சிலும் அதிக வேகம் தரும். வார்கெட், 4064 என்ற இரண்டு மருந்துகளும் இரண்டு நீளத்திலும் நன்றாகவே வேலை செய்யும். ரீலோடிங் (தோட்டாவை நாமே நிரப்பும்) கையேட்டில் சொன்ன உச்ச அளவைத் தாண்டிப் போட்டு இழந்த வேகத்தை மீட்க மட்டும் யாரும் முயல வேண்டாம். .308க்கு அனுமதித்த உச்ச அழுத்தம் சதுர இஞ்சுக்கு 62,000 பவுண்டு. பேரலை வெட்டியதால் சேம்பரின் தாங்குசக்தி கூடிவிடாது.

50 அடி என்பது பெரிய மேக்னம்களை (அதிக மருந்து போட்ட தோட்டாக்களை) வைத்துக் கேட்டு வந்த எண்ணாக இருக்கும். அவற்றில்கூட 30 ஒட்டித்தான் பெரும்பாலும் வரும்.

ரீலோடர், அக்டோபர் 9, காலை 7.10

எண்ணோடு சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் முடிவெடுக்க முடியும். 168 கிரெய்ன் (குண்டின் எடை) மேட்ச் (போட்டிக்கான) தோட்டாப் பெட்டியில் 2,650 அடி/நொடி என்று போட்டிருப்பார்கள். அது 24 இஞ்ச் சோதனைக் குழலில் அளந்தது. 20 இஞ்சில் 2,560 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாயில் ஆற்றல் 24 இஞ்சில் ஏறக்குறைய 2,620 அடி-பவுண்டு, குட்டையில் 2,445. இரண்டுக்கும் 100 கஜத்தில் ஸீரோ செய்தால் (குறிவைத்த இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பை அமைத்தால்), 300 கஜத்தில் குட்டை பேரலின் குண்டு 3 முதல் 4 செ.மீ. கூடுதலாகக் கீழே விழும். அதை ஸ்கோப்பில் சுழற்றிச் சரிசெய்துவிடலாம், தெரிந்த தூரத்தில் அது ஒரு பிரச்சினையே இல்லை. மணிக்கு 16 கி.மீ. குறுக்குக் காற்றில் இரண்டுக்கும் வித்தியாசம் 1 செ.மீ. அளவுதான். காற்றின் வேகத்தை 3 கி.மீ. தப்பாகக் கணித்தால் அதே தூரத்தில் 3 செ.மீ. விலகல் வரும். அதாவது காற்றைப் படிக்கும் பழக்கம், நான்கு இஞ்ச் இரும்பைவிட மூன்று மடங்கு வேலை செய்கிறது.

மானின் உயிர்நிலை சுமார் 20 செ.மீ. வட்டம். புதர்க்காட்டில் சுடும் தூரம் பெரும்பாலும் 100 கஜத்துக்குள். அங்கே 90 அடி வேகத்தை மான் உணரப் போவதில்லை.

லேத்காரர், அக்டோபர் 9, மாலை 5.45

நீளத்தை மட்டும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள், தடிமனைச் சொல்லாமல் விட்டால் பாதிக் கதைதான். பேரலின் விறைப்பு நீளத்தின் மும்மடிக்கு எதிர்விகிதம், விட்டத்தின் நான்மடிக்கு நேர்விகிதம். ஒரே தடிமன் என்றால் 24ஐ 20ஆகக் குறைத்தாலே விறைப்பு 1.7 மடங்கு ஆகிவிடும். 26ஐ 20ஆக்கினால் 2.2 மடங்கு. விறைப்பான பேரல் சுடும்போது குறைவாக அதிரும், தோட்டா மாற்றினாலும் குழு (இலக்கில் விழும் துளைகளின் கூட்டம்) அதிகம் சிதறாது. துப்பாக்கியை மேசையில் தாங்கவைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட்காரர்கள் 6 பி.பி.சி. தோட்டாவில் 21, 22 இஞ்ச் தடித்த பேரல் போட்டு உலகத்திலேயே சின்னக் குழுக்களைச் சுடுவது இதனால்தான். நீளம்தான் துல்லியம் என்றால் அவர்கள் 30 இஞ்ச் போட்டிருப்பார்கள்.

எடையும் பார்க்க வேண்டும். வாய்ப்பக்கம் 0.65 இஞ்ச் விட்டம் உள்ள வேட்டை பேரலில் ஒரு இஞ்ச் நீளம் ஏறக்குறைய 34 கிராம். நான்கு இஞ்ச் குறைத்தால் 135 கிராம். கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் அது துப்பாக்கியின் மூக்கில் இருக்கும் எடை. கையில் தூக்கி நின்றபடி சுடும்போது முன்பக்கம் கனமாக இருந்தால் ஆட்டம் அடங்கும், ஓடும் மானைத் தொடர்ந்து திருப்ப நேரமெடுக்கும். 0.9 இஞ்ச் இலக்குப் பேரல் என்றால் ஒரு இஞ்சே 73 கிராம்.

கேட்டவர், அக்டோபர் 9, இரவு 8.20

அப்படியென்றால் 20 விறைப்பானது என்று எடுத்துக்கொள்ளலாமா? கடையில் இருக்கும் 20 மெல்லியது, வாயில் 0.6 இஞ்ச் இருக்கும். 24 கொஞ்சம் தடித்தது, 0.7 சொன்னார்கள்.

லேத்காரர், அக்டோபர் 9, இரவு 9.05

அங்கேதான் கணக்கு புரளும். 0.6இன் நான்மடியை 20இன் மும்மடியால் வகுங்கள், 0.7இன் நான்மடியை 24இன் மும்மடியால் வகுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட சமம், 24 சற்று மேல். பேரல் கூம்பாக ஒடுங்குவதால் இது தோராயம்தான், ஆனாலும் நீளம் ஒன்றை வைத்து விறைப்பைச் சொல்லக்கூடாது என்பதற்கு இது போதும். மெல்லிய பேரல் சீக்கிரம் சூடேறும். ரேஞ்சில் தொடர்ந்து பத்துத் தோட்டா தட்டினால் குழு மெல்ல மேலேயோ பக்கவாட்டிலோ நகர ஆரம்பிக்கும். மூன்று தோட்டா, பிறகு கையால் தொட்டுப் பார்த்துச் சூடு தாங்கும் வரை பொறுப்பது என்று பழகினால் மெல்லிய பேரலோடும் ரேஞ்சில் காலம் தள்ளலாம். மானுக்கு முதல் தோட்டாதான் கணக்கு, அது ஆறிய பேரலில்தான் போகும்.

ஐம்பது மீட்டர், அக்டோபர் 10, காலை 8.00

.22 என்ற சின்னத் தோட்டாவை யாரும் தொடவில்லை, அதையும் சேர்த்துவிடுகிறேன். .22 லாங் ரைஃபிளில் மருந்து அவ்வளவு சின்னது, 16 முதல் 18 இஞ்சுக்குள் வேகம் உச்சத்தைத் தொட்டுவிடும். அதற்கு மேல் உராய்வுதான். ஆனாலும் அன்ஷூட்ஸ் கம்பெனியின் 1907 என்ற போட்டி மாடலில் 660 மி.மீ. பேரல், 1913 மாடலில் 690 மி.மீ. அந்த நீளம் சைட் தூரத்துக்கும் முன்பக்க எடைக்கும். டயாப்டர் சைட்டில் (சிறு துளை வழியாகப் பார்க்கும் சைட்டில்) 0.1 மி.மீ. கண் பிசகினால், சைட் தூரம் 800 மி.மீ. என்றால் 50 மீட்டரில் 6.25 மி.மீ. விலகும். 950 என்றால் 5.3தான். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10.4 மி.மீ. என்பதால் அந்த ஒரு மில்லிமீட்டருக்கு மதிப்பு உண்டு.

இப்போது பலர் குட்டை பேரலில் வெறும் குழாயை நீட்டி, அதன் நுனியில் முன் சைட்டை மாட்டுகிறார்கள். சைட் தூரம் கிடைக்கிறது, குண்டும் சீக்கிரம் வெளியேறுகிறது. 190 மி.மீ. குறைந்தால், நொடிக்கு 325 மீட்டர் வேகத்தில் 0.6 மில்லிநொடி மிச்சம். நின்ற நிலையில் துப்பாக்கி ஓயாமல் நகர்ந்துகொண்டிருப்பதால் அதுவும் ஒரு லாபம்.

.22 மேட்ச் பேரலை வெட்டுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பலவற்றில் வாய்ப்பக்கம் மிக லேசாக இறுக்கி விட்டிருப்பார்கள். முன்பகுதியை வெட்டினால் அந்த இறுக்கமே போய்விடும், பிறகு அது சாதாரணத் துப்பாக்கி.

வேறொருவர், அக்டோபர் 10, பகல் 12.30

ஊரில் தங்கை மகள் பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுகிறாள். அதிலும் இப்படித்தானா? இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்ற பேச்சே இல்லை, இலக்குச் சுடுதல் மட்டும்தான்.

ஐம்பது மீட்டர், அக்டோபர் 10, பகல் 1.10

அதேதான். நல்ல மேட்ச் ஏர் ரைஃபிளில் உண்மையான பேரல் 420 மி.மீ. ஒட்டித்தான் இருக்கும். வெளியே தெரியும் மிச்ச நீளம் வெறும் உறை, சைட்டைத் தாங்கத்தான். ஐ.எஸ்.எஸ்.எஃப். (சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பு) விதியில் ஆக்‌ஷனின் பின்முனையிலிருந்து தோற்றத்தில் வாயாகத் தெரியும் முனை வரை 850 மி.மீ. தாண்டக்கூடாது, மொத்த எடை 5.5 கிலோ. நீட்சிக் குழாய் வாங்கும் முன் அந்த 850ஐ டேப் வைத்து அளந்துவிடுங்கள். உபகரணப் பரிசோதனையில் அதைக் கட்டாயம் பார்ப்பார்கள்.

கேட்டவர், அக்டோபர் 10, இரவு 7.50

என் கேள்விக்கு வருகிறேன். 16.5 இஞ்ச் .308களும் இருக்கின்றன. குட்டைதான் புதருக்கு நல்லது என்றால் அதையே எடுக்கலாமே?

ரீலோடர், அக்டோபர் 10, இரவு 9.30

எடுக்கலாம், ஆனால் சத்தத்தை யோசியுங்கள். பேரல் குறையக் குறைய வாயில் மிஞ்சும் அழுத்தம் கூடும், அது காதுக்கு இன்னும் பக்கத்தில் வெடிக்கும். .308 எந்த நீளத்திலும் 160 டெசிபலைத் தாண்டும். 16 இஞ்சில் ரேஞ்சில் பக்கத்து பெஞ்சில் இருப்பவர் எழுந்து போய்விடுவார். அமெரிக்காவின் பல மாநிலங்களிலும் நார்வே, பின்லாந்திலும் சப்ரஸர் (சத்தம் குறைக்கும் குழாய்) மாட்டிக்கொள்வதால் அங்கே 16, 18 இஞ்ச் பேரல் பொருத்தம். 15 செ.மீ. சப்ரஸர் சேர்த்தாலும் மொத்த நீளம் பழைய 22 இஞ்ச் துப்பாக்கி அளவே வரும். கனடாவில் சப்ரஸர் தடை. அங்கே படித்ததை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டாம்.

பரணும் கூடாரமும் வேறு வேறு. பரணில் உட்கார்ந்து சுடும்போது குட்டை பேரல் வரம், பக்கவாட்டில் திருப்பினாலும் கிளையில் தட்டாது. தோளில் மாட்டி நடக்கையில் 24 இஞ்ச் வாய் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டு ஒவ்வொரு கிளையிலும் உரசும். ஆனால் தரையில் துணிக் கூடாரத்துக்குள் இருந்தால் நிலைமை தலைகீழ். பேரலின் வாய் ஜன்னலுக்கு வெளியே கட்டாயம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். 16 இஞ்சில் நாற்காலியைத் தள்ளிப் போட்டால் வாய் உள்ளேயே நின்றுவிடும். கூடாரத்துக்குள் வெடித்தால் காது நிரந்தரமாகக் கெடும். மஸில் பிரேக் (உதையைக் குறைக்க வாயில் மாட்டும் துண்டு) மாட்டியிருந்தால் இன்னும் மோசம், வாயுவைப் பக்கவாட்டில், உங்களை நோக்கியே திருப்பிவிடும்.

லேத்காரர், அக்டோபர் 11, காலை 7.15

நீளமாக வாங்கிப் பிறகு வெட்டலாம் என்று யாராவது சொல்வார்கள், அதற்கு முன் சட்டம். கனடாவில் ரைஃபிள் பேரலை 457 மி.மீ.க்குக் கீழே, அதாவது 18 இஞ்சுக்குக் கீழே, வெட்டினால் அது தடைசெய்யப்பட்ட ஆயுதம். மொத்த நீளம் 660 மி.மீ.க்குக் கீழே வந்தாலும் அப்படித்தான். தொழிற்சாலையிலேயே 16.5 இஞ்சாக வந்த போல்ட் ஆக்‌ஷனுக்கு அந்த 457 வராது. வெட்டுவதும் அப்படியே வருவதும் சட்டத்துக்கு வேறு வேறு. அமெரிக்காவில் இருப்பவர்களுக்குக் குறைந்தபட்சம் 16 இஞ்ச் பேரல், 26 இஞ்ச் மொத்த நீளம். பிரிட்டனில் 30 செ.மீ., 60 செ.மீ.

அளப்பது இப்படி. தோட்டா இல்லை என்று சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு போல்டை மூடுங்கள். வாய் வழியாக ஒரு மரக்குச்சியைப் போல்ட் முகத்தில் முட்டும் வரை விடுங்கள். வாய் விளிம்பில் குறியிட்டு, வெளியே எடுத்து அளக்க வேண்டும். வெளியே தெரியும் பேரலை மட்டும் அளந்தால் ஆக்‌ஷனுக்குள் இருக்கும் பகுதி விட்டுப்போகும். திருகி மாட்டிய பிரேக் கணக்கில் வராது.

வெட்டும் வேலை அரைமணி நேரம், கிரவுன்தான் முக்கியம். குறியிலிருந்து 4, 5 மி.மீ. கூடுதலாக விட்டு அறுத்து, பிறகு லேத்தில் பேரலின் வெளிப்புறத்தை வைத்து மையம் பிடிக்காமல் உள்துளையை வைத்துப் பிடிக்க வேண்டும். வெளிப்புறமும் துளையும் ஒரே மையத்தில் இருப்பது அரிது. முகத்தைச் சமமாக்கி, 11 பாகைச் சரிவில் கிரவுன் வெட்டி, கடைசியில் உள்விளிம்பில் பிசிறு எடுக்க வேண்டும். பஞ்சு சுற்றிய காதுக்குச்சியை உள்ளிருந்து வெளியே இழுத்துப் பாருங்கள். பஞ்சு இழை எங்கேயாவது மாட்டினால் பிசிறு மிச்சம் இருக்கிறது. அந்த ஒரு பிசிறு குண்டின் அடிப்பக்கத்தில் வாயுவை ஒருபக்கமாக விட்டு, நல்ல பேரலை இரண்டு இஞ்ச் குழுவுக்குத் தள்ளிவிடும்.

வாய்ப்பக்கம் திருகுமரை வெட்டி பிரேக் மாட்டுவதாக இருந்தால் .30 காலிபருக்கு வழக்கமான அளவு 5/8-24 (5/8 இஞ்ச் விட்டம், இஞ்சுக்கு 24 மரை). கடையில் சொன்ன 0.6 இஞ்ச் வாயில் அது உட்காராது, தோள் வைக்க இடமில்லை. 0.75 ஒட்டி இருந்தால் நிம்மதி.

வேறொருவர், அக்டோபர் 11, பகல் 11.40

குட்டை பேரலுக்கு ட்விஸ்ட் (புரியின் சுழற்சி) வேகமாக வேண்டுமா?

ரீலோடர், அக்டோபர் 11, பகல் 12.05

வேண்டாம். நிலைப்புத்தன்மையில் வேகத்தின் பங்கு மிகச் சிறியது, குண்டின் நீளமும் ட்விஸ்டும்தான் தீர்மானிக்கும். 1:10 அல்லது 1:11 (10 அல்லது 11 இஞ்சுக்கு ஒரு சுற்று) இருந்தால் 150 முதல் 180 கிரெய்ன் வரை எல்லாம் நிற்கும்.

ஐம்பது மீட்டர், அக்டோபர் 11, இரவு 10.20

நீளம் தேவையே இல்லை என்று பேச்சு போய்க்கொண்டிருப்பதால் மறுபக்கத்தையும் சொல்கிறேன். 1,000 கஜத்தில் கதை வேறு. குண்டு ஒலிவேகத்துக்கு அருகில் வரும்போது, சுமார் 1,200 அடி/நொடியிலிருந்தே, பலவற்றுக்கு ஆட்டம் ஆரம்பிக்கும். ஒலிவேகம் 20 பாகை செல்சியஸில் ஏறக்குறைய 1,125. 24 இஞ்சிலிருந்து 2,600இல் கிளம்பும் 175 கிரெய்ன், கடல்மட்டத்தில் 1,000 கஜத்தைத் தட்டுத்தடுமாறித்தான் ஒலிவேகத்துக்கு மேல் எட்டும். 20 இஞ்ச் அதற்கு முன்பே கைவிடும். எஃப்.டி.ஆர். என்ற நீண்ட தூரப் போட்டியில் .223, .308 இரண்டு மட்டுமே அனுமதி, பைபாட் (இரண்டு கால் தாங்கி) சேர்த்து 8.25 கிலோ. அங்கே 30, 32 இஞ்ச் பேரலை எல்லோரும் மாட்டுவது ஒவ்வொரு அடி வேகத்துக்காகவும்தான். .300 வின்செஸ்டர் மேக்னம் வாங்குபவருக்கும் 24, 26 நியாயம். அவ்வளவு மருந்து போட்டுவிட்டு 20இல் வெட்டினால் உதையும் சத்தமும் மேக்னத்துடையதாகவே இருக்கும், வேகம் மட்டும் .30-06 பக்கம் வந்து நிற்கும்.

கேட்டவர், அக்டோபர் 12, காலை 8.45

300 கஜத்துக்கு மேல் ரேஞ்சில் இடமே இல்லை. இன்னொரு கடையில் டிக்கா டி3எக்ஸ் லைட் .308இல் 22.4 இஞ்ச் இருக்கிறது. அதை எடுக்கலாமா?

ரீலோடர், அக்டோபர் 12, காலை 9.30

எடுங்கள். இந்த இரண்டு வேலைக்கும் 22 ஒட்டிய நீளம்தான் என் தேர்வு. 24இலிருந்து 40 அடிதான் குறையும், சத்தம் தாங்கும், தோளில் மாட்டினால் கிளையில் அதிகம் உரசாது. லைட் பேரல் மெல்லியது, லேத்காரர் சொன்ன மூன்று தோட்டா ஒழுங்கைப் பின்பற்றுங்கள். வேட்டையைவிட ரேஞ்சுக்குத்தான் அதிகம் போவீர்கள் என்றால் அதே கம்பெனியின் சி.டி.ஆர். மாடல் 20 இஞ்சில் தடித்த பேரலோடு வருகிறது, அதைத் தூக்கிப் பாருங்கள். காட்டில் நாள் முழுக்கச் சுமக்க முடியுமா என்பது கையில் எடுத்தால்தான் தெரியும்.

துப்பாக்கிக்குப் பணம் கட்டும் முன் உங்கள் வேட்டைப் பகுதி எண்ணைத் தேடிப் பாருங்கள். தென்ஒன்ராறியோவின் சில பகுதிகளில் மானுக்கு ஷாட்கன், வாய்வழி நிரப்பும் துப்பாக்கி, வில் மட்டும்தான். அங்கே ரைஃபிளின் நீளம் எதுவானாலும் பயனில்லை.

கேட்டவர், அக்டோபர் 14, மாலை 6.10

டிக்கா எடுத்துவிட்டேன். பகுதியும் ரைஃபிளுக்கு அனுமதி உள்ளதுதான். முதலில் என்ன செய்ய வேண்டும்?

ரீலோடர், அக்டோபர் 14, இரவு 8.00

ரேஞ்சுக்கும் மானுக்கும் ஒரே தோட்டா வேண்டாம். 168 மேட்ச் குண்டு காகிதத்துக்குச் செய்தது, உடலில் விரிவது நிச்சயமில்லை. 150 அல்லது 165 கிரெய்னில் விரியும் வேட்டைக் குண்டு, இரண்டு மூன்று கம்பெனிகளில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, 100 கஜத்தில் மும்மூன்றாகச் சுட்டுப் பாருங்கள். எது சின்னக் குழு தருகிறதோ அதற்கு ஸீரோ செய்யுங்கள். மேட்ச் தோட்டா அதே ஸீரோவில் எங்கே விழுகிறது என்று தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு பத்துத் தோட்டாவைக் குரோனோகிராஃபில் (குண்டின் வேகமானியில்) அளந்து சராசரி எடுங்கள். பெட்டியில் உள்ள எண்ணைப் பாலிஸ்டிக் கணிப்பியில் (குண்டு எங்கே விழும் என்று கணக்கிடும் செயலியில்) போடாதீர்கள். ஒரே நீளமுள்ள இரண்டு பேரல்களே 50 அடி வித்தியாசம் காட்டும். நீங்கள் அளந்த எண்ணைப் போட்டு, 200இலும் 300இலும் சுட்டுச் சரிபாருங்கள். அக்டோபர் வெயிலில் அளந்த வேகம் நவம்பர் உறைபனியில் கொஞ்சம் இறங்கும், 100 கஜத்தில் அது தெரியாது, 300இல் தெரியலாம்.

லேத்காரர், அக்டோபர் 14, இரவு 8.40

காட்டுக்குள் போகும்போது வாயில் ஒரு சுற்று மின்சார டேப் ஒட்டுங்கள். பனியோ சேறோ உள்ளே போனால் பேரல் வீங்கும், வெடிக்கவும் செய்யும். டேப்பைக் கழற்றாமலே சுடலாம், குண்டு வருவதற்கு முன் அதைத் தள்ளும் காற்றே டேப்பைக் கிழித்துவிடும். வாய்மேல் ஒரு மடிப்பு மட்டும், நான்கைந்து சுற்று வேண்டாம். சுத்தம் செய்யும் கம்பி 36 இஞ்ச் வாங்குங்கள், பின்பக்கமிருந்து விடும்போது ஆக்‌ஷனின் நீளமும் சேரும். வாய்ப்பக்கமிருந்து கம்பியை விட்டு கிரவுனைத் தேய்க்காதீர்கள்.